மலம்புழா பூங்கா விரிகிறது, வழி விரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒலவக்கோடு முக்கில் நின்று பார்த்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலம்புழா ரோட்டில் திரும்புவதைக் காணலாம். கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு என்று எல்லா ஊர் வண்டிகளும் உண்டு. வேனுக்குள் புளிசாதம், தயிர்சாதம் அடங்கிய தூக்குகள். ஜன்னல்களில் குழந்தைகளின் தலைகள். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் தனி. ஸ்டேஷன் பலகையில் பாலக்காடு ஜங்ஷன் என்று எழுதியிருந்தாலும் பழைய ஆட்களின் வாயில் இன்னும் ஒலவக்கோடுதான். அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் மலம்புழா பத்து கிலோ மீட்டருக்குள்தான். ஆனால் விசேஷ நாட்களில் அந்தப் பத்து கிலோ மீட்டரைக் கடக்க ஆகும் நேரத்தில் கோவையிலிருந்து வாளையாறு தாண்டி வந்துவிடலாம்.

இந்த மலம்புழாவுக்கு இப்போது ஒரு பெரிய திட்டம் வந்திருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சுதேச தரிசனம் 2.0 திட்டத்தின் கீழ், 2025-ல், மலம்புழாவில் தோட்டமும் ஓய்வுப் பூங்காவும் அமைக்க 75 கோடியே 87 லட்சம் ரூபாய் ஒதுக்க அனுமதி கிடைத்தது. ஆலப்புழைக்கான மற்றொரு திட்டமும் இதோடு சேர்ந்தே அனுமதி பெற்றது. பழைய பூந்தோட்டத்தைப் புதுப்பித்து, புதிய கேளிக்கைப் பகுதிகளைச் சேர்த்து, இன்னும் அதிகமான ஜனங்களை வரவழைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். வருகிறவர்களில் கணிசமானவர்கள் நம்மவர்கள். வந்தவர்களுக்கு விற்றுப் பிழைப்பவர்களிலும் நம்மவர்கள் உண்டு. ஆகவே இந்தத் திட்டத்தில் தமிழர்களுக்கு அக்கறை இருப்பது இயற்கையே.

ஆனால் பூங்கா என்றதும் அதிகாரிகளுக்கும் பொதுமக்களுக்கும் ராட்டினமும் நீரூற்றும் வண்ண விளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. வண்டியை எங்கே நிறுத்துவது, கைக்குழந்தையோடு வருகிற பெண் எங்கே ஒதுங்குவது, பஸ்ஸில் வந்தவர் திரும்பிப் போக என்ன வழி, ரோட்டோரம் கடலை விற்பவர் எங்கே போவார் என்பவை கடைசியில் யோசிக்கப்படும் விஷயங்களாகி விடுகின்றன. உண்மையில் இவைதான் முதலில் யோசிக்கப்பட வேண்டியவை.

சென்னை ராஜ்யம் கட்டிய அணை

மலம்புழாவைக் கேரளத்து அணை என்றே இன்று எல்லோரும் சொல்கிறோம். அது கட்டப்பட்ட காலத்தில் பாலக்காடு மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1949-ல் வேலை தொடங்கியது. 1955 அக்டோபர் 9-ந் தேதி அணையைத் திறந்து வைத்தவர் அப்போது சென்னை முதலமைச்சராக இருந்த காமராஜர். அதற்குப் பிறகு ஓராண்டும் சில வாரங்களும்தான். 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்தோடு போயிற்று. அணையும் கூடவே போயிற்று.

கருங்கல் அணையும் மண் அணையும் சேர்ந்து இரண்டு கிலோ மீட்டருக்கும் சற்று அதிக நீளம். கேரளத்திலேயே நீளமான அணை இதுதான் என்பார்கள். நிறைந்தால் 226 மில்லியன் கன மீட்டர் தண்ணீர் நிற்கும். பாலக்காட்டு நெல்வயல்களுக்குப் பாய்வதும், பாலக்காடு நகரத்தார் குடிப்பதும் இந்தத் தண்ணீரே. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்வது நல்லது. தோட்டம் பிறகு வந்தது. அணை தோட்டத்துக்காகக் கட்டப்பட்டதல்ல.

மைசூர் கண்ணம்பாடி அணையின் அடியில் பிருந்தாவனம் இருப்பது போல இங்கேயும் அணையின் அடிவாரத்தில் பூந்தோட்டம் போட்டார்கள். 1969-ல் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் யட்சி சிலையைச் செய்து முடித்தார். சுமார் முப்பது அடி உயரம். ஆடையில்லாத அந்தச் சிலையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அன்று பலர். இன்று அதன் முன் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக் கொள்கிறார்கள். அதன் பிறகு தொங்கு பாலம், பாம்புப் பண்ணை, மீன் வடிவத்தில் கட்டிய மீன் காட்சிசாலை, ரோப்வே, சண்டிகரில் புகழ்பெற்ற நேக்சந்த் அமைத்துக் கொடுத்த கல் பூங்கா, தனியார் கேளிக்கைப் பூங்கா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. உடைந்த வளையலையும் ஓட்டுச் சில்லையும் வைத்து நேக்சந்த் செய்திருப்பதைக் குழந்தைகளை விடப் பெரியவர்களே அதிக நேரம் நின்று பார்க்கிறார்கள்.

இப்படி உள்ளே ஒவ்வொன்றாகச் சேர்ந்ததே தவிர, வெளியே உள்ள ரோடு அந்த வேகத்தில் வளரவில்லை.

நடக்காவு கேட்

மலம்புழா போகிறவர்கள் அகத்தேத்தறையை மறக்க மாட்டார்கள். டி.ஆர். கிருஷ்ணசாமி அய்யர் 1923-ல் நிறுவிய, காந்திஜி வந்து தங்கிய சபரி ஆசிரமம் இருக்கும் ஊர் என்பதால் அல்ல. அங்குள்ள நடக்காவு ரயில்வே கேட்டினால். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடும் வண்டிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போக வேண்டும். எக்ஸ்பிரஸ், பாசஞ்சர், கூட்ஸ் எதுவாக இருந்தாலும் கேட் சாத்தப்படும். ஒரு வண்டி போய், எதிர்த் திசை வண்டிக்கும் சிக்னல் கொடுத்திருந்தால் சாத்திய கேட் சாத்தியபடியே இருக்கும். கேட் கீப்பரைத் திட்டிப் பயனில்லை. சாத்தின கேட்டைத் திறக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. சிக்னலும் கேட்டும் ஒன்றோடு ஒன்று பூட்டப்பட்டவை.

இங்கே மேம்பாலம் வேண்டும் என்று கேட்டவர்கள் தலை நரைத்துப் போனார்கள். அடிக்கல் நாட்டிய பிறகும் வேலை ஆண்டுக் கணக்கில் இழுத்தது. நிலம் எடுக்க வேண்டும். மாநில அரசின் பகுதி வேறு, தண்டவாளத்துக்கு மேலே ரயில்வே கட்ட வேண்டிய பகுதி வேறு. ஒன்று முடிந்தால் மற்றொன்று முடிந்திராது. மேம்பாலங்களின் கதை எல்லா ஊரிலும் இதுதான். பூங்காத் திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராட்டினத்தை ஆறு மாதத்தில் கொண்டு வந்து நிறுத்தி விடலாம். பாலம் அப்படி வராது. ஆகவே பாலத்துக்கும் ரோட்டுக்குமான காகித வேலை பூங்கா வேலைக்குப் பல வருஷங்கள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை நிலைமை வேறு. வாளையாற்றிலிருந்து வடக்கஞ்சேரி வரை நாலு வழிச்சாலை ஆன பிறகு கார்கள் பறந்து வருகின்றன. பறந்து வந்து எங்கே விழுகின்றன என்றால், பள்ளிக்கூடமும் பலசரக்குக் கடையும் பஸ் ஸ்டாப்பும் இருக்கிற உள்ளூர் ரோட்டில். முன்பு கோவையிலிருந்து மெதுவாக, பிரிந்து பிரிந்து வந்து சேர்ந்த கூட்டம் இப்போது ஒரே நேரத்தில் வந்து சேருகிறது. நெடுஞ்சாலை நன்றாக ஆக, மலம்புழா ரோட்டின் நெரிசல் கூடுகிறது.

சாலைப் பொறியாளர்களுக்கு இதற்கு ஒரு கணக்கு உண்டு. எல்லா வண்டிகளையும் காராக மாற்றி எண்ணுவார்கள். கார் ஒன்று என்றால் மோட்டார் சைக்கிள் அரை, பஸ் மூன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, சமவெளியில் இருவழி ரோடு ஒன்று நாளொன்றுக்கு இந்தக் கணக்கில் 15,000 தாங்கும். அதைவிடக் குறுகிய ரோட்டுக்கு 6,000. ஒற்றை வழிக்கு 2,000 மட்டுமே. இது நாள் முழுவதும் பரவலாக வரும் போக்குவரத்துக்கான கணக்கு. சுற்றுலா ஊருக்குக் கூட்டம் காலை மூன்று மணி நேரத்தில் வந்து, மாலை இரண்டு மணி நேரத்தில் திரும்புகிறது. கணக்கு அங்கேயே உடைகிறது.

வண்டிக்கு இடம், மனிதனுக்கு இடம்

நிறுத்துமிடத்தையும் இப்படியே கணக்குப் பார்க்கலாம். ஒரு கார் நிற்க, திரும்ப, வெளியேற எல்லாம் சேர்த்து சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். ஆயிரம் கார் என்றால் 25,000 சதுர மீட்டர்; ஆறு ஏக்கருக்கும் மேல். அந்த ஆயிரம் காரில் வருகிறவர்கள் காருக்கு நாலு பேர் வீதம் நாலாயிரம் பேர். அதே நாலாயிரம் பேர் பஸ்ஸில் வந்தால் எண்பது பஸ் போதும். ஒரு பஸ்ஸுக்கு நாலு கார் இடம் கொடுத்தாலும் இரண்டு ஏக்கரில் அடங்கி விடும். மிச்சம் நாலு ஏக்கர். அதில் எத்தனை மரம் வைக்கலாம், எத்தனை கடைக்கு நிழல் கொடுக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். காரில் வருகிறவரை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் வருகிறவர் வெயிலில் நிற்க, காருக்கு மட்டும் சிமெண்டுத் தளம் போட்டுக் கொடுப்பது நியாயமா என்பதே கேள்வி.

டிக்கெட் ஜன்னலும் அப்படித்தான். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பணம் வாங்கி, சில்லறை கொடுத்து, சீட்டுக் கிழித்துக் கொடுக்க அரை நிமிடம் என்று வைத்துக் கொள்வோம். நாலாயிரம் பேர் என்றால் ஆயிரம் குடும்பம். ஒரே ஜன்னல் என்றால் எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரத்தில் உள்ளே விட எட்டு, ஒன்பது ஜன்னல் வேண்டும். செல்போனில் பணம் கட்டினால் சீக்கிரம் முடியும் என்பார்கள். கூட்டம் கூடிய இடத்தில் சிக்னல் கிடைக்காமல் பின்னால் இருப்பவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்தவர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். பண்டிகைக் கூட்டத்துக்கு ரயில்வே கூடுதல் கவுண்டர் திறப்பதற்கும், தனி வரிசைக்குக் கயிறு கட்டுவதற்கும் இதுதான் காரணம்.

கழிப்பிடத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். கூச்சப்பட்டால் திட்டம் உருப்படாது. சமமான எண்ணிக்கையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கட்டிவிட்டால் சமத்துவம் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பெண்களுக்கு நேரம் கூடுதல் ஆகும். கையில் குழந்தையும் இருக்கும். வரிசை எப்போதும் பெண்கள் பக்கம்தான் நீளும். ஆகவே அவர்களுக்கு அதிகம் கட்ட வேண்டும். அதிலும் முக்கியம், பூங்காவுக்குள் மட்டும் கட்டிப் பயனில்லை. மூன்று மணி நேரம் வேனில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தேவை வண்டி நிற்கும் இடத்தில். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போய்த் தேடும் வரை காத்திருக்க எல்லோராலும் முடியாது. விடியற்காலை கிளம்பி வந்த வேன் டிரைவர் படுத்து இரண்டு மணி நேரம் கண்ணயர ஒரு கூரையும் வேண்டும். தூக்கம் கெட்ட டிரைவர்தான் இரவு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு வாளையாறு வழியாகத் திரும்புகிறார்.

அதே வருஷத்தில் அமெரிக்காவில்

மலம்புழா அணை திறக்கப்பட்ட அதே 1955-ல், மூன்று மாதம் முன்பு, ஜூலை 17-ந் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி தமது டிஸ்னிலாண்டைத் திறந்தார். உலகத்துக் கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் தாய் என்று இதைச் சொல்லலாம். முதல் நாள் என்ன நடந்தது? அழைக்கப்பட்டவர்களோடு போலி டிக்கெட்டில் வந்தவர்களும் சேர, கூட்டம் சுமார் 28,000. பூங்காவுக்கு வரும் நெடுஞ்சாலை அடைத்துப் போயிற்று. குழாய் வேலைக்காரர்களின் வேலை நிறுத்தம் காரணமாகக் குடிநீர்க் குழாயா, கழிப்பறையா, இரண்டில் ஒன்றுதான் திறப்பு விழாவுக்குள் முடியும் என்ற நிலை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். அன்று கடும் வெயில். தண்ணீர் கிடைக்காத ஜனங்கள் வைதார்கள். புதிதாகப் போட்ட தார் இறுகாமல், பெண்களின் செருப்புக் குதிகள் அதில் புதைந்தன. கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்த கம்பெனிக்கே இந்தக் கதி.

டிஸ்னிக்கு இருந்த பெரிய வருத்தம் இன்னொன்று. 160 ஏக்கரில் பூங்காவைக் கட்டினார்; சுற்றியுள்ள நிலம் அவர் கையில் இல்லை. ஓட்டலும் கடையும் அங்கே காளான் மாதிரி முளைத்தன. ஆகவே அடுத்த பூங்காவுக்கு புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கிப் போட்டார்கள். 1971 அக்டோபர் 1-ந் தேதி அது திறந்தபோது கார்களை ஏரிக்கு இக்கரையிலேயே நிறுத்திவிட்டு, மோனோரயிலிலோ படகிலோ ஏறித்தான் பூங்கா வாசலுக்குப் போக முடிந்தது. இன்றும் அப்படித்தான். வால்ட் டிஸ்னி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

மலம்புழாவுக்கு மோனோரயில் வேண்டாம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஐயப்ப பக்தர்களுக்குத் தெரிந்த உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் பம்பையைப் புரட்டிப் போட்ட பிறகு, சபரிமலைக்கு வரும் வண்டிகளுக்கு நிலக்கல் முக்கிய நிறுத்தமாயிற்று. அங்கே வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் பம்பைக்குப் போகிறார்கள். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. பஸ் தொடர்ந்து ஓடியபோது பழகிப் போயிற்று. சீசன் காலத்தில் கம்பத்திலிருந்து போகிற வண்டிகளைக் கம்பமெட்டு வழியாக அனுப்பி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக விடுகிறார்கள். ரோட்டை அகலப்படுத்தாமலே இரு மாநிலப் போலீசும் பேசிச் செய்யும் ஏற்பாடு இது. மலம்புழாவிலும் ஓணம், பொங்கல், தீபாவளி விடுமுறை நாட்களுக்காவது நெடுஞ்சாலையோரம் வண்டிகளை நிறுத்தி, பஸ் விட்டு, ஒரு வழியாகப் போய் மற்றொரு வழியாகத் திரும்பச் செய்ய முடியும். ஸ்டேஷனிலிருந்தும் அதே பஸ் புறப்படட்டும். ரயில் நேரத்தைப் பார்த்து பஸ் நேரத்தைப் போட வேண்டும் என்பது சின்ன விஷயம். அந்தச் சின்ன விஷயம்தான் பல ஊர்களில் நடப்பதில்லை.

யானை நடக்கும் வழி

மாற்று வழி என்றதும் கஞ்சிக்கோடு, கோட்டேக்காடு பக்கத்து ரோடுகளை அகலப்படுத்தினால் போதும் என்று வரைபடத்தைப் பார்ப்பவர்கள் சொல்லி விடலாம். வரைபடத்தில் யானை தெரியாது. வாளையாற்றுக்கும் கோட்டேக்காட்டுக்கும் இடையே ரயிலில் அடிபட்டு யானைகள் இறந்ததும், அதனால் அங்கே இரவில் வண்டிகள் வேகம் குறைத்து ஓட்டப்படுவதும் ரயில்வே ஊழியர்கள் அனைவரும் அறிந்ததே. 2024 மே மாதத்தில் மலம்புழா வட்டாரத்தில் காட்டு யானைக் கூட்டத்தைப் படம் பிடிக்கப் போன தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில், தோணி பகுதியை நடுங்க வைத்த பி.டி. 7 என்ற ஆண் யானையை வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். தோணி எங்கோ இல்லை. அகத்தேத்தறையை ஒட்டிய மலையடிவாரம். இரவு ஒன்பது மணிக்கு விளக்குக் காட்சி முடிந்து நூற்றுக்கணக்கான வண்டிகள் காட்டோர ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் யானைக்கும் ஆபத்து, ரோட்டோரம் குடியிருப்பவருக்கும் ஆபத்து.

தண்ணீரின் வழியும் வரைபடத்தில் சரியாகத் தெரிவதில்லை. தோட்டம் அணைக்குக் கீழே இருக்கிறது. மதகு திறந்தால் தண்ணீர் கல்பாத்திப் புழை வழியாகப் போகிறது. 2018 ஆகஸ்டில் பெருமழையும் மதகுத் தண்ணீரும் சேர்ந்தபோது பாலக்காட்டு நகரத்திலேயே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஆற்றோரப் பூமியைப் பார்த்ததும் நிறுத்துமிடத்துக்கு வசதி என்று தோன்றும். அங்கே வண்டி நிறுத்த அனுமதி கொடுக்கிறவர் மதகு திறக்கும் அதிகாரியோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கொடுப்பது நல்லது.

ஆபத்து உதவியையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் மலம்புழாவுக்கு அருகே குரும்பாச்சி மலையில் ஏறிய இளைஞர் ஒருவர் பாறை இடுக்கில் சிக்கி இரண்டு நாள் தண்ணீரும் இல்லாமல் கிடந்தார். கடைசியில் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவத்தினர் வந்து கயிறு கட்டி மீட்டார்கள். நாடே கண்கொட்டாமல் பார்த்த மீட்பு அது. ஜனங்கள் கூடும் மலையடிவாரத்தில் கயிறும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஆம்புலன்சும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூணாறு சொல்லும் பாடம்

ரோட்டின் அருமை இடுக்கி எல்லையில் இருக்கும் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். போன் வேலை செய்யாததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. செய்தி வந்த பிறகும், பெரியவாரையில் 2018-ல் போன பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்ததால் மீட்பு வண்டிகள் திணறின. அதே வழியாகத்தான் சுற்றுலா வண்டிகள் இரவிகுளத்துக்கு வரையாடு பார்க்கப் போகின்றன. சுற்றுலா ரோடு என்றும் தொழிலாளி ரோடு என்றும் அங்கே இரண்டு கிடையாது.

மூணாறிலிருந்து போடிமெட்டு வரையிலான பாதை அகலமாக்கப்பட்டு 2024 ஜனவரியில் திறப்பு விழா கண்டது. அந்த வேலை நடக்கும்போதே கேப் ரோட்டில் பெரிய மண்சரிவுகள் ஏற்பட்டன. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை அகலப் பாதையில் ரயிலும் வந்துவிட்டது. இரண்டும் தேனிக்காரர்களுக்கும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கும் பெரிய உதவி. ஆனால் பாதை நன்றானதும் வண்டிகள் கூடிவிட்டன. மலைப்பாதையில் இருவழி ரோட்டுக்குச் சாலைக் காங்கிரஸ் கொடுக்கும் அளவு 7,000தான். வளைவுகள் மிகுந்தால் 5,000. சீசன் ஞாயிற்றுக்கிழமை மூணாறு டவுனில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது, எஸ்டேட்டிலிருந்து பிரசவத்துக்குப் போகும் ஜீப்பும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

குறிஞ்சி பூக்கும் அடுத்த முறை 2030. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 2018-ல் வெள்ளம் வந்து கூட்டத்தைத் தடுத்துவிட்டது. ஆகவே 2030-ல் வரப்போகும் கூட்டம் இதுவரை யாரும் பார்த்திராததாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்தது. பிறகு நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று எண்ணிக்கையும் விதித்தார்கள். நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000. உள்ளூர்க்காரருக்கு விலக்கு உண்டு; பஸ்ஸில் வருகிறவருக்குத் தடையில்லை. ஓட்டல்காரர்கள் எதிர்க்கிறார்கள். எதிர்ப்பு இருக்கட்டும், கோர்ட் போய்ச் சொல்லும் வரை வண்டிகளை எண்ணக்கூட யாரும் முயலவில்லை அல்லவா?

பிருந்தாவனத்திலும் இதே கதை. கண்ணம்பாடியில் டிஸ்னிலாண்டு மாதிரி பெரிய கேளிக்கைப் பூங்கா அமைக்கும் கர்நாடக அரசின் திட்டத்தை மண்டியா விவசாயிகள் எதிர்த்தார்கள். அணைக்கு என்ன ஆகும், தங்கள் நிலத்துக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. மலம்புழாவில் அவ்வளவு பெரிய திட்டம் இல்லை. அவ்வளவு பெரிய எதிர்ப்பும் இல்லை.

கடலைக்காரர்

மலம்புழாவில் எதிர்ப்பு எழுப்பத் தெரியாத ஒரு கூட்டம் உண்டு. கேட்டுக்கு வெளியே இரு பக்கமும் கடை வைத்திருப்பவர்கள். அணை மீனைப் பொரித்து விற்பவர், நெல்லிக்காயும் மாங்காயும் உப்பிலிட்டு பாட்டிலில் வைத்திருப்பவர், அன்னாசிப்பழத்தில் மிளகாய்த் தூள் தடவிக் கொடுப்பவர், வறுத்த கப்பலண்டியைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பவர், பலூனும் பிளாஸ்டிக் கண்ணாடியும் விற்பவர். இவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சமல்ல. வருகிற கூட்டத்துக்கு ஏற்றபடி பேச்சும் மாறும். திருப்பூர் வேன் வந்து நின்றால் சேட்டா என்பது அண்ணா என்றாகிவிடும்.

எந்த ஊரில் அழகுபடுத்தும் திட்டம் வந்தாலும் முதலில் அகற்றப்படுவது இந்தக் கடைகள்தான். பிறகு கட்டடம் கட்டி ஏலம் விடுவார்கள். முன்பணம் கட்ட முடிந்தவர் எடுப்பார். வேறு ஊர்க்காரராகவும் இருக்கலாம். பழைய கடலைக்காரர் அதே கடையில் கூலிக்கு நிற்பார். தெரு வியாபாரிகளைக் காக்க 2014-ல் மத்திய சட்டம் வந்தது உண்மை. வியாபாரிகளைக் கணக்கெடுத்து, அட்டை கொடுத்து, அவர்களையும் உட்கார வைத்த கமிட்டி கூடி முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. ஆனால் அது நகரங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். மலம்புழா ஊராட்சி. எனவே அந்தப் பாதுகாப்பு இங்கே தானாக வந்து சேராது. திட்டத்திலேயே எழுதி வைத்தால்தான் உண்டு. வேலை தொடங்குவதற்கு முன்பே இன்று கடை வைத்திருப்பவர்களின் பெயர்களை எழுதி, வண்டி நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் இடையே, ஜனங்கள் நடந்து போகிற வழியிலேயே இடம் கொடுக்க வேண்டும். பின்பக்கத்தில் கொண்டு போய்ப் போட்டால் கடை இருக்கும், வியாபாரம் இருக்காது.

தோட்டக்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், டிக்கெட் கிழிப்பவர்கள் ஆகியோரின் விஷயமும் இதே போலத்தான். புதிய பகுதிகள் வரும்போது வேலை கூடும். ஆள் கூடுமா, அதே ஆட்கள் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டுமா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலை ஏழு மணிக்குத் துடைப்பம் எடுக்கிறவர் அதற்கு முன்பே மலம்புழா வந்து சேர வேண்டும். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் அவருக்குத்தான் சரியான பதில் தெரியும்.

கடைசி பஸ்ஸின் கதை வேறு. மாலை மங்கி, நீரூற்றுகளுக்கு விளக்குப் போட்டு, தோட்டம் உண்மையிலேயே அழகாகத் தெரிய ஆரம்பிக்கிற நேரமும், கோவை வண்டியைப் பிடிக்க ஒலவக்கோட்டுக்குப் புறப்பட வேண்டிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. காரில் வந்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டாப்புக்கு நடக்கிறார்கள். குழந்தை விளக்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறது.